உம்மாவும் பார்க்கட்டும்!

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வேன் பிடித்து மலைநாட்டுக்குப் புறப்படுவது நம் குடும்பங்களின் வழக்கம். ஆனால் போன இடத்திலும் அடுப்படியிலேயே நின்று, எதையும் பார்க்காமல் திரும்பும் தாய்மார் எத்தனை பேர்!

சற்றுத் திட்டமிட்டால் இதைத் தவிர்க்கலாம் சகோதரிகளே. ஹோர்ட்டன் சமவெளிப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள 'உலக முடிவு' சுமார் 870 மீற்றர் ஆழப் பள்ளம். காலை 10 மணிக்குப் பின் பெரும்பாலும் பனிமூட்டம் அதை மறைத்துவிடும். கொழும்பிலிருந்து இரவோடிரவாக ஓடினால் சாரதிக்குத் தூக்கம், பிள்ளைகளுக்கு வாந்தி. முதல்நாள் பகலிலேயே நுவரெலியா சென்று தங்குங்கள். அங்கிருந்து பட்டிப்பொல வழியாகச் சுமார் 30 கிலோமீற்றர்தான், விடியற்காலையில் புறப்படலாம்.

சமவெளியிலேயே கூடாரமடித்துத் தங்க விரும்புவோர் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படியும். கம்பளியும் காலுறையும் மறவாதீர்கள்.

உள்ளே சுமார் 9 கிலோமீற்றர் நடை. பொலித்தீனுக்குத் தடை; உணவைச் சாப்பாட்டுப் பெட்டிகளில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலிருந்தே செய்து வந்த சீனிச்சம்பலும் பாணும் அன்றைய காலைக்குப் போதும். சமையல் வேண்டாம்.

பிள்ளைகளின் கையை வாப்பா பிடித்துக்கொள்ளட்டும். அந்தப் பத்து நிமிடமாவது உம்மா நின்று நிதானமாகப் பார்க்கட்டும்.