பூட்டு உடையவில்லை, பாட்டு காணோம்!

புது கம்ப்யூட்டர் வாங்கும் வீட்டு இசைக்காரர்களே, உஷார்!

தாம்பரம்,—
திருடன் வரவில்லை. பூட்டு உடையவில்லை. பீரோவில் இருந்த நகை அப்படியே இருக்கிறது. ஆனால் ஐந்து வருடம் கண் விழித்துச் சேர்த்த பாட்டுகள் மட்டும் மாயம்! போலீசில் புகார் கொடுக்கவும் வழி இல்லை. காரணம், பாட்டைத் தொலைத்தவர் வீட்டுக்காரரேதான்!

பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டு புதுசு வாங்கும் வீட்டு ஸ்டூடியோக்காரர்களுக்கு நேரக்கூடிய கதி இது. விவரம் வருமாறு:—

படுக்கை அறையில் ஸ்டூடியோ

ஒரு காலத்தில் பாட்டுப் பதிவு என்றால் கோடம்பாக்கம், வடபழனி பக்கம் போக வேண்டும். 1989-ல் ஏ.ஆர்.ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே ஒரு ஸ்டூடியோ அமைத்தார். 1992-ல் வந்த "ரோஜா" படப் பாட்டுகள் அங்கேதான் உருவாயின.

அன்று அதற்குப் பெரும் பணம் வேண்டும். இன்று ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு கீபோர்டு, குரலை கம்ப்யூட்டருக்குள் அனுப்ப ஒரு சின்ன பெட்டி, இவ்வளவுதான். பல்லாவரமோ, குரோம்பேட்டையோ, படுக்கை அறை மூலையே ஸ்டூடியோ! அம்மன் பாட்டு, சர்ச் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு இசை எல்லாம் அங்கேயே தயார்.

விண்டோஸ் 10-க்கு டாட்டா

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு முடிந்தது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஓடும். ஆனால் காவல்காரன் இல்லாத வீடு மாதிரி. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே ரிச்சி தெருவுக்குப் படையெடுப்பு!

ஆப்பிள்காரர்களும் தப்பவில்லை. 2019-ல் வந்த "கேட்டலினா", பழைய 32-பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்தியது. அதற்கும் முன்பு, 2002 ஜூலையில் "லாஜிக்" என்ற இசை மென்பொருளின் ஜெர்மன் கம்பெனியை ஆப்பிள் வாங்கியது. மூன்றே மாதம்! செப்டம்பரோடு அதன் விண்டோஸ் விற்பனைக்கு மூடுவிழா.

ஆடி வெள்ளி அவசரம்

சேலையூரில் ஒரு வாலிபர் என்று வைத்துக் கொள்வோம். பகலில் கணக்கு வேலை, ராத்திரியில் பாட்டு. புது கம்ப்யூட்டர் வந்தாச்சு. பழசை எக்சேஞ்சில் கொடுத்தாச்சு. பாட்டு ஃபைல்களை மட்டும் பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறார்.

கோவில் கமிட்டிக்காரர் போன் செய்கிறார்: "தம்பி, போன வருஷம் போட்டியே அம்மன் பாட்டு, அதுல ரெண்டாவது சரணத்துல ஊர் பேரை மட்டும் மாத்திக் கொடு. ஆடி வெள்ளி வருது. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

"ஆகட்டும்ணே!"

வாலிபர் ஃபைலைத் திறக்கிறார். பம்பை கப்சிப். உடுக்கை கப்சிப். பாடகி குரல் இருந்த இடத்தில் "ஃபைல் காணவில்லை" என்று வருகிறது. கையில் மிச்சம் இருப்பது முடிந்த பாட்டின் எம்.பி.3 ஒன்றுதான். பிசைந்த சாதத்தில் இருந்து குழம்பைத் தனியாக எடுக்க முடியுமா? குரலைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்கள் இப்போது உண்டு. ஆனால் அசலின் சுத்தம் அதில் வராது.

மளிகைச் சீட்டு ரகசியம்

பாட்டு எங்கே போச்சு? அது அந்த ஃபைலில் முழுசாக இருந்ததே இல்லை! இதுதான் பலருக்குத் தெரியாத ரகசியம்.

பாட்டு ஃபைல் என்பது பெரும்பாலும் ஒரு மளிகைச் சீட்டு. "குரல், டி டிரைவில் இந்த இடத்தில் இருக்கிறது. பம்பை சத்தத்தை இந்த மென்பொருளில் இருந்து எடு" என்று குறிப்பு மட்டும் இருக்கும். சீட்டில் அரிசி என்று எழுதியிருந்தால் வீட்டில் அரிசி இருப்பதாக அர்த்தமா? புது கம்ப்யூட்டரில் டி டிரைவ் இல்லை. பம்பை மென்பொருளும் இல்லை. சீட்டு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது!

மென்பொருளை மறுபடி போட்டாலும் தகராறு உண்டு. பல மென்பொருள்களுக்கு இத்தனை கம்ப்யூட்டர்தான் என்று கணக்கு. பழசில் உரிமத்தை ரத்து செய்யாமல் விற்றுவிட்டால், புதுசில் கதவு திறக்காது. சாவி பழைய வீட்டிலேயே மாட்டிக் கொண்ட கதைதான்!

கைக்குழந்தையால் தப்பிய படம்

பெரிய கம்பெனிகளும் இதில் மாட்டியது உண்டு. அமெரிக்காவின் பிக்ஸார், 1998-ல் "டாய் ஸ்டோரி 2" கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தது. ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. நகல் இருக்கிறதே என்று தேடினால், நகல் எடுக்கும் ஏற்பாடும் பழுது!

காப்பாற்றியவர் கேலின் சுஸ்மன் என்ற பெண் அதிகாரி. கைக்குழந்தை இருந்ததால் வீட்டில் இருந்தே வேலை பார்த்தவர். அவர் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது! அதை வைத்தே வேலையை மீட்டார்கள். 1999-ல் படம் வெளிவந்தது.

இன்னொரு வீட்டில் ஒரு நகல். இந்தப் பாடம் தாம்பரம்காரர்களுக்கு ரொம்பப் பொருந்தும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியுமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. கம்ப்யூட்டரும் நகலும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் கோவிந்தா!

தப்பிக்க என்ன வழி?

* பழசை உடனே விற்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டையும் புதுசில் திறந்து காதால் கேளுங்கள்.

* சிதறிக் கிடக்கும் ஒலிகளை பழசிலேயே ஒரே இடத்தில் சேருங்கள். ஏபிள்டனில் "கலெக்ட் ஆல் அண்ட் சேவ்", கியூபேசில் "பேக்-அப் ப்ராஜெக்ட்", எஃப்.எல். ஸ்டூடியோவில் "ஜிப்டு லூப் பேக்கேஜ்" என்று இதற்கே வசதி உண்டு.

* குரல், பம்பை, உடுக்கை ஒவ்வொன்றையும் பாட்டின் முதல் நொடியில் இருந்து தனித்தனி "வேவ்" ஃபைலாக எடுங்கள். எந்தக் கம்பெனி மூடினாலும் வேவ் பாடும். 24-பிட், 44,100 கணக்கில் ஸ்டீரியோ ஒரு நிமிடத்துக்கு சுமார் 16 எம்.பி. இருபது வரிசை உள்ள ஐந்து நிமிடப் பாட்டுக்கு 1.6 ஜி.பி.தான் ஆகும்.

* பாட்டின் வேகம், சுருதி, 44,100-ஆ 48,000-ஆ என்ற கணக்கு, மூன்றையும் எழுதி வையுங்கள். கணக்கு மாறினால் பாட்டு வேகமாக, சுருதி ஏறி ஓடக்கூடும். அம்மன் பாட்டு குழந்தைப் பாட்டாகிவிடும்!

* மென்பொருள் உரிமங்களின் பட்டியல் எடுங்கள். பழசில் ரத்து செய்துவிட்டு புதுசில் போடுங்கள். இதைச் செய்வது கடைசியில். எல்லா பாட்டும் வேவாக வெளியே வந்த பிறகு.

* நகலை இரண்டு ஹார்டு டிஸ்கில் எடுங்கள். ஒன்று மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகட்டும்.

இதற்கெல்லாம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவாகலாம். ஆனால் ஆடி வெள்ளிக்கு முன்னால் போன் வரும்போது "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று தைரியமாகச் சொல்லலாம்.

புதுசு பாடட்டும். அதுவரை பழசுக்கு விலை பேசாதீர்கள்!