ஒரு தூக்கு போதும்!

ஜவ்வாது மலை ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அதை நம்பி அப்படியே குடித்துவிடாதீர்கள்! காலரா, டைபாய்டு கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மலைக்குப் போகிறவர்கள் சிறிய எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். தீப்பெட்டியும் வடிகட்டும் துணியும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். தண்ணீரை வடிகட்டி, மூன்று கல் கூட்டி அடுப்பில் ஏற்றுங்கள். மூடியை இறுக்காமல் மேலே வையுங்கள். சீக்கிரம் காயும், விறகும் மிச்சம்.

வானாய்வு நிலையம் இருக்கும் காவலூர், சுமார் 725 மீட்டர் உயரம். உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அதனால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 97.5 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் கிருமி சாகுமா? சாகும்! தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் போதும்.

காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். ஊருக்குள்ளேயே காய்ச்சி எடுத்துச் செல்லுங்கள். அடுப்பை நீர் ஊற்றி அணைக்க மறவாதீர்கள்!