மாத்திரை இலவசம்; போய் வரத்தான் செலவு

வீட்டில் 60 வயதைத் தாண்டிய அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்களா? இன்று அவர்களுடைய கொழுப்பு மாத்திரைப் பையைத் திறந்து எண்ணிப் பாருங்கள். தேதி முடிந்தும் மாத்திரை மிச்சம் இருந்தால், சாப்பிடாமல் விட்டிருக்கிறார். தேதி வருவதற்கு முன்பே பை காலியென்றால், அடுத்த மாத மருந்தை எடுக்கப் போகவில்லை. இரண்டுமே ஆபத்துதான்.

காய்ச்சல் என்றால் உடம்பு சுடும். பல் கெட்டால் வலிக்கும். கொழுப்பு அப்படியல்ல. இரத்தக் குழாயில் சத்தமில்லாமல் படிந்து, ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வந்து நிற்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 38.1 விழுக்காட்டினருக்குக் கொழுப்பு அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

மருந்தின் விலை நம் மூத்தோருக்குப் பெரிய தடையல்ல. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் மருந்துக் காப்புறுதி 2006இல்தான் நடப்புக்கு வந்தது; அதற்கும் மாதச் சந்தா உண்டு. இங்கே அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட். 60 வயதானால் அதுவும் இல்லை. மருந்தும் அதிலேயே அடக்கம். சிம்வாஸ்டேட்டின், அட்டோர்வாஸ்டேட்டின் இரண்டும் சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பணம் கட்டி வாங்கிய தனியார் மருத்துவ அட்டையோ பெரும்பாலும் வார்டில் படுத்தால்தான் கைகொடுக்கும். மாதாந்திர மாத்திரைக்கு உதவாது.

பிறகு ஏன் நிறுத்துகிறார்கள்? காஹாங்கைப் பாருங்கள். குளுவாங் – மெர்சிங் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். பெரிய மருத்துவமனை குளுவாங்கில். தோட்டத்து உள்ளேயிருந்து பெரிய சாலைக்கு வருவதற்கே யாராவது மோட்டாரில் ஏற்றிவிட வேண்டும். பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருப்பார்கள். மருந்து பெரும்பாலும் மாதத்துக்கு மாதம்தான் தருவார்கள். இலவச மாத்திரைக்காக வாடகைக் காருக்குக் காசு கொடுக்கும்போது, "இந்த மாதம் போகட்டும்" என்று தோன்றிவிடுகிறது.

இதற்கு வழி உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். மருத்துவமனை மருந்துக் கவுண்டரில் 'எஸ்.பி.யூ.பி.' என்று கேளுங்கள். முதல் மாத மருந்தை அங்கே வாங்கிக்கொண்டு, மிச்ச மாதங்களுக்கானதை வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளினிக்கில் எடுத்துக்கொள்ளும் முறை இது. தபாலில் அனுப்பும் சேவையும் பல இடங்களில் உண்டு.

இதுவரை சோதித்தே பார்க்காதவர்களுக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் இருக்கிறது. எஸ்.டி.ஆர். உதவி பெறுவோரும் அவர்களின் துணைவரும் 40 வயதிலிருந்து இலவசமாக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் செய்வார்கள்.

"ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்பது அடுத்த காரணம். மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு இறங்கியது. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். தசை வலித்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார். சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை கவுண்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மிச்ச மருந்தை எங்கள் ஊர் கிளினிக்கிலேயே எடுக்கலாமா?"