குஞ்சைக் கையில் எடுக்கும் முன்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நினைவிருக்கிறதா? கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டத்தால் தேக்கா வட்டாரமே வெறிச்சோடிக் கிடந்த நாள்கள் அவை. அப்போது முஸ்தபா சென்டருக்கு வெளியே ஒரு நீர்நாய்க் குடும்பம் நிதானமாக நடந்து போனது. ஏறத்தாழ அதே காலத்தில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் முன்கூடத்திலும் நீர்நாய்கள் ஓடின. படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இவை எங்கிருந்து வந்தன?

யாரும் கொண்டுவந்து விடவில்லை. தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய்தான் அவற்றின் பாதை. 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த துப்புரவுப் பணியால் சிங்கப்பூர் ஆறும் காலாங் நீர்ப்பகுதியும் தெளிந்தன. தண்ணீரில் மீன் வந்தது. 1998இல் சுங்கை பூலோ பக்கம் மீண்டும் தலைகாட்டிய நீர்நாய்கள், 2014 வாக்கில் பீஷான் பூங்காவரை வந்து குடும்பமாகிவிட்டன. கூட்டமான தெருவைத் தவிர்த்துக் கால்வாய்க்குள்ளேயே போய்வந்தவை, தெரு காலியானதும் மேலே ஏறிப் பார்த்தன. அவ்வளவுதான்.

ஆகவே, காட்டு விலங்கு என்றால் மண்டாயிலும் புக்கிட் தீமாவிலும்தான் இருக்கும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். அது நம் புளோக்கின் கீழேதான் இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கும்போது முதலில் பார்ப்பவர் மருத்துவரோ அதிகாரியோ அல்லர். காலையில் பால் வாங்கப் போகும் நீங்கள்தான். அந்த முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் அதன் உயிரைத் தீர்மானிக்கின்றன.

அதிகம் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். மரத்தடியில் ஒரு மைனாக் குஞ்சு தத்தித் தத்தி நடக்கிறது, பறக்கத் தெரியவில்லை. பிள்ளைகள் "பாவம்மா" என்கிறார்கள். உடனே அட்டைப்பெட்டி, பஞ்சு, பாலில் நனைத்த ரொட்டி எல்லாம் வந்துவிடுகின்றன. நல்ல மனம்தான், சந்தேகமில்லை. ஆனால் உடம்பெல்லாம் இறகு முளைத்துத் தத்தும் குஞ்சு அநாதையன்று. பறக்கக் கற்கும் பருவத்தில் அது இரண்டொரு நாள் தரையில்தான் இருக்கும். தாய் தந்தை இரண்டும் பக்கத்துக் கிளையில் உணவோடு காத்திருக்கும். நாம் வீட்டுக்குத் தூக்கிச் சென்றால் அது மீட்பன்று, பிள்ளைக் கடத்தல். மனிதக் கையில் வளர்ந்த குஞ்சு இரை தேடவும் கற்காது, பூனைக்குப் பயப்படவும் கற்காது. பிறகு வெளியே விட்டால் பிழைப்பது கடினம். பூனையோ வாகனமோ வருமென்று தோன்றினால், அருகிலுள்ள புதரின்மேல் எடுத்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். இறகே முளைக்காத குஞ்சாக இருந்து, கூடும் எட்டும் உயரத்தில் இருந்தால் திரும்பக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் பாட்டிமார் சொன்னது உண்மையன்று.

காகங்களுக்கும் இதே கதைதான். 2023 பிப்ரவரியில் பீஷானில் வழிப்போக்கர்களைக் காகங்கள் கொத்திய காட்சி இணையமெங்கும் பரவியது. கூட்டில் அல்லது தரையில் குஞ்சு இருக்கும்போது பெற்றோர் பாய்வது இயல்பு. குடையை விரித்துக்கொண்டு வேறு வழியில் போய்விடலாம். (அந்தக் காகக் கூட்டில் வளர்வது குயில் குஞ்சாகவும் இருக்கலாம். முன்பு இங்கே குளிர்கால விருந்தாளியாக மட்டும் வந்த குயில், காகம் பெருகியதால் நிரந்தரவாசியாகிவிட்டது. ஊரில் குயில் கூவினால் கவிதை எழுதுவோம், இங்கே விடியற்காலையில் கூவினால் நகர மன்றத்துக்குப் புகார் எழுதுகிறோம்.)

தலையிட்டே ஆகவேண்டிய நேரங்களும் உண்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இரவில் கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழுகின்றன. நம் ஊர் ஆறுமணிக் குருவியின் உறவான நீலச்சிறகு பிட்டாதான் அதிகம் அகப்படுகிறது. அதைத் துணியால் மெல்லப் போர்த்தி, காற்றுத் துளையிட்ட பெட்டியில், இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு உதவிக்கு அழையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மயங்கிய பறவைக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இன்னொன்று எலிக்கு வைக்கும் பசை அட்டை. கடைக்குப் பின்சந்தில் வைத்தால் எலி மட்டும் ஒட்டுவதில்லை. பல்லி, மைனா, எலியைத் தேடி வந்த பாம்பு எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. பிய்த்து இழுத்தால் தோலும் இறகும் உரிந்துவிடும். மிச்சமுள்ள பசையின்மேல் காகிதத்தைப் போட்டு மூடிவிட்டு, தெரிந்தவர்கள் வரும்வரை காத்திருப்பதே நல்லது. சாக்கடையில் வாழும் மலைப்பாம்புக்கு நஞ்சில்லை. எலிகளைத் தின்று நமக்கு உதவுகிறது. கூட்டம் கூடி வாலைப் பிடித்து இழுப்பதுதான் ஆபத்து.

இப்படிப்பட்ட அழைப்புகளுக்காகவே ஓடிய அமைப்பு, 2001இல் தொடங்கிய 'ஏக்கர்ஸ்'. அதன் மீட்புப் பணியில் பல்லாண்டு முன்நின்றவர்களில் அன்பரசி பூபால், கலைவாணன் பாலகிருஷ்ணன் ஆகிய நம்மவர்களும் உண்டு என்பதைச் சொல்வதில் எனக்குப் பெருமை. நீர்நாய்களுக்கென்று 2016இல் அரசு அமைப்புகளும் தொண்டூழியர்களும் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்தார்கள். எந்தக் குடும்பம் எந்தக் கால்வாயில், எத்தனை குட்டி என்று விடியுமுன் எழுந்து குறித்து வைப்பவர்கள் சம்பளம் வாங்காத சாதாரண மக்கள். அந்தக் குறிப்பு இருப்பதால்தான் ஒரு குட்டி வழிதவறினால் அதை எந்தக் குடும்பத்தோடு சேர்ப்பது என்று தெரிகிறது.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது நம் வழக்கம். புறாவுக்குத் தானியம் இறைப்பது புண்ணியம் என்பார்கள். 2020 ஜூன் முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டப்படி, புறா, காகம் உட்பட எந்தக் காட்டு உயிருக்கும் உணவளிப்பது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை, மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நாம் இறைக்கும் சோற்றால் பறவைகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன, எலியும் வருகிறது. எலிக்குப் பசை அட்டை வைக்கிறோம், புறாவுக்கும் காகத்துக்கும் ஒழிப்பு நடவடிக்கை கோரிப் புகார் செய்கிறோம். சோறு வைத்தவர் ஒருவர், சாவது அந்தப் பறவை. முன்னோரை நினைத்துப் படைப்பதை வீட்டுக்குள்ளேயே படைத்து, நாமே உண்டால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது என் கருத்து. உடன்படாத பெரியவர்கள் இருப்பார்கள், தெரியும்.

அடிபட்ட உயிரைக் கண்டால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. அழைக்கும்போது "ஒரு பறவை விழுந்து கிடக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த புளோக், எந்தப் பக்கம், ரத்தம் வருகிறதா, எவ்வளவு நேரமாக அசையவில்லை என்று சொல்லுங்கள். தள்ளி நின்று ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வரும்வரை பிள்ளைகளையும் பூனையையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பக்கத்துவீட்டுக்காரர் போதும்.