காட்டுப் பன்றியும் வேட்டைத் துப்பாக்கியும்



லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் காட்டுப் பன்றியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரவில் ஓசையில்லாமல் வந்து, மண்ணை ஏர் உழுததுபோல் புரட்டிவிட்டு, விடிவதற்குள் போய்விடுகிறது. மறுநடவு செய்த செம்பனைத் தோட்டங்களில் இதன் கொட்டம் இன்னும் அதிகம். ஓராண்டு, ஈராண்டு வயதுடைய கன்றை அடியோடு தோண்டிச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெண்மையான குருத்தை மட்டும் தின்றுவிட்டு அடுத்த கன்றுக்குப் போகும். குருத்துப் போனால் அந்தக் கன்று பிழைக்காது. ஆகவே, "துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளினால் தொல்லை தீர்ந்தது" என்று தோட்டத்தில் பலர் பேசிக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது? வேட்டையால் பன்றி குறையுமா? குறையும் என்றால், எப்படிப்பட்ட வேட்டையால்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. காட்டுப் பன்றி இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த விலங்கல்ல. நம் பாட்டன்மார் கப்பலேறி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்குள்ள காடுகளில் வாழ்ந்து வருகிறது. அப்படியிருக்க, சில இடங்களில் மட்டும் அது ஏன் அளவுக்கு மீறிப் பெருகியது?

இதற்கு விடை தருகின்ற ஓர் இடம் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. பாசோ வனக்காப்பகம் என்று பெயர். மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆராய்ச்சிக் காடு அது. பழமையான காடு, ஆனால் அதன் மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். 1996-ஆம் ஆண்டில் அங்கே பன்றிகளைக் கணக்கெடுத்தார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் என்று மதிப்பிட்டார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 250 ஏக்கர். தோட்டத்து அளவில் சொன்னால், ஐந்து ஏக்கருக்கு ஒரு பன்றி வீதம்! 1998-இல் மறுபடியும் எண்ணியபோது 27 ஆகக் குறைந்திருந்தது. அந்த 27 கூட மிக அதிகமான எண்ணிக்கைதான்.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு இரண்டு காரணங்களைச் சொன்னார்கள். ஒன்று, பன்றியைத் தின்னும் புலி அந்தக் காட்டில் இல்லாமற் போனது. மற்றொன்று, ஆண்டு முழுவதும் கிடைக்கும் செம்பனைப் பழம். காட்டு மரங்கள் எல்லா ஆண்டும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொத்தாகக் காய்த்து, பிறகு ஓய்ந்துவிடும். அந்தப் பஞ்ச காலத்தில் பன்றிக் குட்டிகள் பல மடியும், தாய்ப்பன்றியும் மெலியும். இயற்கை வைத்திருந்த கடிவாளம் அது. செம்பனையோ மாதந்தவறாமல் குலை தள்ளுகிறது. எண்ணெய்ச் சத்து நிறைந்த உதிரிப் பழங்கள் மரத்தடியில் கிடக்கின்றன. பன்றிக்குப் பஞ்சம் என்பதே இல்லாமற் போய்விட்டது.

பாசோவில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் வீட்டுத் தோட்டத்தோடு நிற்கிற சங்கதியல்ல. தாய்ப்பன்றி குட்டி போடுவதற்கு முன் ஒரு கூடு கட்டும். சின்னஞ்சிறு மரக்கன்றுகளைக் கடித்தும் பிடுங்கியும் குவித்து, அந்தக் குவியலுக்குள் புகுந்து குட்டி ஈனும். ஒரு பன்றி செய்தால் காடு தாங்கும். நூற்றுக்கணக்கான பன்றிகள் ஆண்டுதோறும் செய்தால்? 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 24 ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு, அந்தக் காட்டின் இளமரக் கன்றுகள் 62 விழுக்காடு குறைந்துவிட்டன என்று சொல்கிறது. கன்றுகள் அழிந்த அந்த இடம் செம்பனை ஓரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. தோட்டத்தில் தின்கிறது, காட்டில் போய்ப் பிரசவிக்கிறது. இப்போது நிற்கும் பெருமரங்கள் விழுந்தபின் அவற்றின் இடத்துக்கு வர வேண்டிய கன்றுகள்தாம் இப்படிப் போகின்றன. ஆகவே "பாவம், வாயில்லாப் பிராணி, அதை விட்டுவிடுங்கள்" என்று சொல்வதும் முழு நியாயமாகாது. எண்ணிக்கை மீறிய இடத்தில் குறைக்கத்தான் வேண்டும். குறைக்கும் வழிதான் கேள்வி.

இனி வேட்டைக் கணக்குக்கு வருவோம். பன்றி, மான் போன்றதல்ல. மான் ஒரு குட்டி போடும். காட்டுப் பன்றி ஏறக்குறைய நான்கு மாதம் சினையாக இருந்து, ஒரே ஈற்றில் நான்கு, ஐந்து, சில வேளை எட்டுக் குட்டிகள்கூடப் போடும். நல்ல தீனி கிடைத்தால் பிறந்த பெண்குட்டியே ஏறத்தாழ ஒரு வயதில் தாயாகிவிடும்.

கணக்குக்காக, ஒரு தோட்டத்தைச் சுற்றி 100 பன்றிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 30 தாய்ப்பன்றிகள். ஒவ்வொன்றின் குட்டிகளிலும் மூன்று பிழைக்கின்றன என்றால் 90 புதிய பன்றிகள். நோயாலும் வயதாலும் 20 சாகட்டும். அடுத்த ஆண்டு 170. வேட்டைக்காரர்கள் வந்து 30 பன்றிகளைச் சுட்டார்கள்; தோட்டமே கூடி நின்று பார்த்தது; பெரிய வெற்றி என்று பேச்சு. ஆனால் மிச்சம் 140 இருக்கின்றன! நூறாகவே நிறுத்தி வைப்பதற்கே 70 பன்றிகளைச் சுட்டிருக்க வேண்டும். அதையும் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். ஓராண்டு விட்டால் பழையபடிதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் வேட்டை பழகிய நாடுகள் பல. ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் காட்டுப் பன்றி சுடுகிறார்கள். அப்படியும் 1980-களுக்குப் பிறகு அங்கே பன்றி பெருகிக்கொண்டுதான் போயிற்று. பல நாடுகளில் வேட்டைக்காரர்களின் எண்ணிக்கை குறைந்து வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

எதைச் சுடுவது என்பதும் முக்கியம். கோரைப்பல் நீண்ட கிழட்டு ஆண்பன்றியைச் சுட்டுவிட்டு அதன் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்று படம் எடுத்துக்கொள்வது வேட்டைக்காரருக்குப் பெருமையாக இருக்கலாம். தோட்டத்துக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை. ஓர் ஆண் போனால் அந்த இடத்துக்கு மற்றோர் ஆண் வரும். குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. தாய்ப்பன்றியையும், தாயாகப் போகும் இளம் பெண்பன்றியையும் குறைத்தால்தான் பெருக்கம் தணியும். நாய்களை ஏவித் தாறுமாறாக விரட்டுவதும் வீண். கூட்டம் சிதறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். சந்தடி அடங்கியதும் திரும்பிவிடும்.

புலி இருந்தபோது இந்த வேலையை அது சம்பளமில்லாமல் செய்தது. ஒரு புலிக்கு வாரத்துக்கு ஒரு பெரிய விலங்காவது வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 50. பகல் இரவு பாராமல், விடுமுறை எடுக்காமல், குட்டி, சினை, கிழம் என்று பாராமல் பிடித்துத் தின்னும். 1950-களில் மலாயாக் காடுகளில் 3,000 புலிகள் வரை இருந்ததாகச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவாகவே இருப்பதாகத் தெரிந்தது. தோட்டத்தின் அருகே புலி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பால்மரம் சீவப் போகும் தாயாரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாயும் வராது. ஆனால் உட்காட்டில் மிஞ்சியிருக்கும் புலியையும் நாமே கொல்லக்கூடாது. நம்மை அறியாமலே அதைச் செய்யும் கருவி ஒன்று இருக்கிறது. அதுதான் கம்பிக் கண்ணி.

பன்றிக்கென்றுதான் கண்ணி வைக்கிறார்கள். சைக்கிள் பிரேக் கம்பியும், வளைந்து கொடுக்கும் ஓர் இளமரமும் போதும், செலவில்லை. ஆனால் கம்பிக்குக் கண்ணில்லை. மான், தப்பீர், கரடி, வீட்டு நாய், எது மிதித்தாலும் சுருக்கு இறுகும். இழுக்க இழுக்கக் கம்பி எலும்புவரை அறுக்கும். 2009-இல் பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில் ஒரு புலி இப்படிக் கண்ணியில் சிக்கியது. உயிரோடு மீட்டார்கள், சிகிச்சையும் செய்தார்கள். பிழைக்கவில்லை. பன்றி பெருகாமல் தடுக்கக்கூடிய விலங்கைப் பன்றிக்கு வைத்த கண்ணியே கொன்றுவிடுகிறது.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. தீபகற்ப மலேசியாவுக்கு உரிய 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கண்ணி வைப்பது மட்டுமல்ல, கண்ணியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2022-இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டியிருக்கிறார்கள். காட்டுப் பன்றியைச் சுடவும் வனவிலங்கு இலாகாவின் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் தனியாக வேண்டும். சபாவிலும் சரவாக்கிலும் வேறு சட்டங்கள். ஒரு வேளைக் கறிக்காகக் கம்பி வைத்தவர் சிறைக்குப் போனால், வீட்டில் அடுப்பு எரியாமல் போவது பெண்டு பிள்ளைகளுக்குத்தான். பழத்தில் நஞ்சு கலந்து வைப்பதோ இதைவிடக் கொடுமை. நாயும் கோழியும் சாகும். விளையாடும் பிள்ளையின் கைக்கும் அது எட்டும்.

உரிமம் உள்ள வேட்டைக்காரர்கள் வருவதாக இருந்தால், தோட்டத்து மக்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எந்த நாள், எந்த நேரம், எந்த நிரையில் சுடப் போகிறார்கள்? அன்று அந்தப் பக்கம் வேலைக்கு ஆள் போகிறதா? விலங்கென்று எண்ணி மனிதனைச் சுட்டுவிட்ட செய்திகளை நம் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம். இருள் பிரியாத நேரத்தில் தலைவிளக்கோடு மரம் சீவப் போகிறவர்கள் இருக்கும் தோட்டத்தில், இதை மண்டோரின் வாய்ச் சொல்லோடு விட்டுவிடக் கூடாது. முதல் நாளே பிரட்டுக்களத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும்.

கறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்டுப் பன்றிக் கறியில் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் இருக்கலாம். உள்ளே சிவப்பு மாறும்வரை நன்றாக வேக வேண்டும். அரைவேக்காட்டில் இறக்கி, "இதுதான் ருசி" என்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதலில் சபாவிலும், அவ்வாண்டு இறுதியில் தீபகற்பத்திலும் பரவியது. சபாவில் காட்டிலுள்ள தாடிப் பன்றிகளும் மாண்டன. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றிக்குப் பன்றி பரவும். இறைச்சியிலும் இரத்தத்திலும் செருப்பில் ஒட்டிய சேற்றிலும்கூடப் போகும். பன்றி வளர்க்கும் வீட்டார் காட்டுப் பன்றியைத் தங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் அறுக்கக் கூடாது. காரணமில்லாமல் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல், கால்நடை இலாகாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

மீண்டும் பாசோவுக்கு வருகிறேன். அங்கே பக்கத்திலிருந்த செம்பனைகள் வயதாகி, வெட்டி மறுநடவு செய்தார்கள். சில ஆண்டுகள் பழமே இல்லை. அந்தச் சில ஆண்டுகளில் காட்டில் பன்றிகளின் எண்ணிக்கை வெகுவாக விழுந்துவிட்டது. புதுமரங்கள் காய்க்கத் தொடங்கியதும் பன்றிகளும் கூடின. துப்பாக்கி சாதிக்க முடியாததைத் தீனி நின்றது சாதித்தது. செம்பனையை யாரும் நிறுத்தப் போவதில்லை, அது வேறு. ஆனால் மரத்தடியில் நாட்கணக்கில் கிடக்கும் உதிரிப் பழம் பன்றிக்கு வைத்த விருந்துதான். உதிரி பொறுக்குவதைச் சில்லறை வேலையாக எண்ணிக் கூலியைக் குறைத்து, ஆளையும் குறைத்துவிட்டு, பிறகு பன்றி சுட ஆள் தேடுகிற நிர்வாகம் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறது. உதிரி பொறுக்கும் பெண்களுக்கு ஒழுங்கான கூலி கொடுத்து அன்றன்றைக்கே பொறுக்கச் செய்தால், எண்ணெயும் மிஞ்சும். அதன்மேல் நடத்தும் வேட்டைக்கும் பலன் இருக்கும். லயத்துத் தோட்டத்துக்குப் பழைய தகரத்தை அரையடி மண்ணில் புதைத்து வேலி போடுங்கள். வெறும் குச்சி வேலியைப் பன்றி மூக்காலேயே தூக்கிவிடும்.

செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்கக் கூகைகளுக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, அந்தக் கதையை வேறொரு பேச்சில் சொல்கிறேன்.