புல் மூடிய கோட்டைகள்

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ப்ளெஷி என்ற சிற்றூர். அங்கே கோட்டை பார்க்கப் போகிறவர் மதிலையும் கொத்தளத்தையும் தேடினால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். புல் போர்த்திய மண்மேடு ஒன்று சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. சுற்றிலும் அகழி. மேட்டையும் பக்கத்து முற்றத்தையும் சேர்க்கும் ஒற்றை வளைவுச் செங்கல் பாலம் பிற்காலத்தது.

1066-இல் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்து நாட்டைப் பிடித்த வில்லியமிடம் படையும் குறைவு, அவகாசமும் குறைவு. கல்கோட்டை எழும்ப ஆண்டுக்கணக்காகும். அகழியை வட்டமாக வெட்டி, அந்த மண்ணையே நடுவில் குவித்து, உச்சியில் மரக் கோபுரம் நிறுத்தினால் ஒரே உழைப்பில் இரண்டு காவல். மேட்டுக்குப் பெயர் மோட். அதன் அடிவாரத்தில் மண்கரையும் மரவேலியும் சூழ்ந்த முற்றம், பெய்லி. குதிரை லாயம், சமையல், பட்டறை எல்லாம் அதற்குள்.

உழைப்பு யாருடையது? வில்லியமின் படையெடுப்பைச் சொல்லும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயோ சித்திரத்துணியில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரின் கோட்டைமேடு எழும்பும் காட்சி வருகிறது. மேட்டைப் பட்டை பட்டையாக, நிறம் மாற்றித் தைத்திருக்கிறார்கள். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கிய விதம் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வேலையாட்களில் இருவர் மண்வெட்டியை ஓங்கி ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். அரசர்களும் பிரபுக்களும் நிறைந்த அந்தத் துணியில் என் கண் போய் நிற்பது பெயரில்லாத இந்த இருவரிடம்தான்.

நகரங்களில் நிலைமை இன்னும் கொடுமை. லிங்கனில் கோட்டைக்காக 166 வீடுகளும் கேம்பிரிட்ஜில் 27 வீடுகளும் போயின என்று 1086-இன் டூம்ஸ்டே கணக்கேடு குறித்துவைத்திருக்கிறது. அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்று அதில் ஒரு வரி இல்லை.

மரம் மக்கிப்போனது. சர்ரேயில் உள்ள அபிங்கர் மேட்டின் தலையை 1949-இல் தொல்லியலாளர் பிரையன் ஹோப்-டெய்லர் அகழ்ந்தபோது, கோபுரக் கம்பங்கள் நின்ற குழிகள் நிறம் மாறிய மண்ணாகத் தெரிந்தன. பிற்காலக் கல்கோட்டைகள் பலவற்றில் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். மண்ணை யார் சுமப்பார்கள்? செங்குத்தான சரிவில் ஏர் ஓட்டுவதும் சிரமம். ஆடு மேய, புல் வேர்விட்டு மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முயல் வளையும் மரவேரும்தான் இன்றும் இவற்றைக் குடைகின்றன.

இவற்றைப் பார்க்கக் குளிர்காலத்துச் சாய்வெயில்தான் சரியான நேரம். நிழல் நீளும்போது, நண்பகலில் கண்ணுக்குத் தட்டுப்படாத கரையும் பள்ளமும் புல்வெளியில் எழுந்து வரும். வெட்டியவர்கள் மண்ணை எந்தப் பக்கம் வீசினார்கள் என்பதுகூடத் தெரியும்.