தாகம் எடுத்தால் செடி என்ன செய்யும்?

நண்பகல் வெயிலில் நிற்கிறீர்கள். நா வறள்கிறது. உடனே நிழலுக்கு ஓடுகிறீர்கள். பானைத் தண்ணீரை மொண்டு குடிக்கிறீர்கள். ஒரு பீன்ஸ் செடியால் அப்படி ஓட முடியுமா? நின்ற இடத்திலேயே அது வறட்சியைச் சமாளித்தாக வேண்டும்.

முதலில் அது இலைத்துளைகளை மூடி நீரை மிச்சப்படுத்துகிறது. ஆனால் கதவை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராதல்லவா? வெயிலோ இலைமீது விழுந்துகொண்டே இருக்கிறது. சர்க்கரை தயாரிக்கப் பயன்பட வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி ஆக்சிஜனிடம் சேர்கிறது. அது 'சூப்பர் ஆக்சைடு' என்னும் பொல்லாத பொருளாக மாறிச் செல்லைக் கெடுக்கிறது. இதை அடக்கவல்ல நொதி ஒன்று செடியிடம் உண்டு. அதில் தாமிரமும் துத்தநாகமும் உள்ளன.

அந்த நொதி எப்படி உண்டாகிறது? அதற்கான குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. தூது ஆர்.என்.ஏ. அதைப் படியெடுத்துச் செல்லும். தலைமையாசிரியரின் சுற்றறிக்கை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு வரும் முன்பே அதை யாராவது கிழித்துவிட்டால்? செய்தி உங்களுக்கு எட்டாது. நுண் ஆர்.என்.ஏ. செய்வது இந்த வேலையைத்தான்! சுமார் 21 எழுத்துகளே கொண்ட இத்துணுக்கு, தனக்குப் பொருந்தும் தூதைக் கண்டுபிடிக்கிறது. துணை நிற்கும் புரதம் அத்தூதை வெட்டிவிடுகிறது.

நுண் ஆர்.என்.ஏ.வை முதன்முதலில் 1993-இல் ஒரு சிறு புழுவில் கண்டனர். அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மெக்சிகோ மக்களுக்குப் பீன்ஸ் அன்றாட உணவு. மழையை மட்டுமே நம்பி அது பெருமளவில் பயிரிடப்படுகிறது. மழை பொய்த்தால் உழவர் பாடு திண்டாட்டம்தான். அந்நாட்டு விஞ்ஞானிகள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. பீன்ஸ் செடியில் 398, 2119 என்ற எண்களுள்ள இரு நுண் ஆர்.என்.ஏ.க்கள் ஒரே நீண்ட இழையிலிருந்து பிறக்கின்றன. 2119 அவரைக் குடும்பத்துக்கே உரியது. 398 நாம் பார்த்த நொதியின் தூதை வெட்டுகிறது. 2119 வேறொரு நொதியின் தூதை வெட்டுகிறது. வறட்சி வந்ததும் இரண்டும் குறைகின்றன, தூதுகள் பெருகுகின்றன. அதாவது, செடி புதிதாக எதையும் முடுக்கவில்லை, பிரேக்கைத் தளர்த்துகிறது!

அப்படியானால் பிரேக் எதற்கு? தாமிரம் செடிக்குச் சிறிதளவே கிடைக்கும் சத்து. தட்டுப்பாடு வந்தால் 398 மிகுந்து, அந்த நொதிக்குச் செலவாகும் தாமிரத்தை மிச்சப்படுத்துகிறது.

ஆனால் அவசரப்பட்டு விதி வகுத்துவிடாதீர்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெடிகாகோ செடியில் 2010-இல் நடந்த ஆய்வில், வறட்சியின்போது 398 கூடியது! ஒரு பயிரில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. வறட்சி தாங்கும் விதை எளிதில் கைகூடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரு தொட்டிகளில் பீன்ஸ் விதையுங்கள். செடி வளர்ந்தபின் ஒன்றுக்குச் சில நாள் நீரை நிறுத்துங்கள். நண்பகலில் இரண்டின் இலைகளும் சூரியனை எந்தக் கோணத்தில் பார்க்கின்றன என்று குறித்து வையுங்கள். ஓட முடியாத செடி, வெயிலுக்கு முகம் திருப்புவதைக் காண்பீர்கள்.